மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்

சாதாரண சைக்கிளில், சமதளத்தில், அவசரமில்லாமல் மிதித்துச் செல்லும் ஒருவரின் வேகம் பெரும்பாலும் மணிக்கு 12 கிலோமீட்டரிலிருந்து 18 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஊர் மாறினாலும், ஓட்டுபவரின் வயது ஓரளவு மாறினாலும், சைக்கிளின் விலை மாறினாலும் இந்த எல்லை பெரிதாக நகர்வதில்லை. காற்று மேலிருந்தும் சமநிலை கீழிருந்தும் இதனை வரையறுத்து வைத்திருக்கின்றன. சைக்கிளுக்கென்று போடப்படும் பாதைகள் பெரும்பாலும் தோற்றுப்போவதற்குக் காரணம், அவற்றை வரைந்தவர்கள் இந்த வேகத்தைக் கணக்கில் எடுக்காமல், சைக்கிள் ஓட்டியைச் சக்கரம் வைத்த பாதசாரியாகக் கருதியதுதான். பாதையே போடப்படாத இடங்களில், அதாவது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் கரிசல் பூமியில் உள்ள எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில், தார்ச்சாலையின் விளிம்பே சைக்கிள் பாதையாக இருந்து வருகிறது. அந்த விளிம்பையும் ஒரு பாதையாகவே எடுத்துக்கொண்டு அதே இயற்பியலால் எடை போடலாம்.

முதலில் மேல் எல்லை. சைக்கிளை முன்னே செலுத்தும்போது காலுக்கு எதிராக நிற்கும் விசைகள் இரண்டு. டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி மீள்வதால் உண்டாவது உருளல் தடை. அது வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை, ஏற்றிய எடையையும் டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தையும் சாலையின் மேற்பரப்பையும் பொறுத்தே கூடிக் குறைகிறது. உடலும் கைப்பிடியும் காற்றைப் பிளந்து செல்வதால் உண்டாவது காற்றுத் தடை. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. தடையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன், அதாவது ஒரு நொடியில் கால்கள் செய்தாக வேண்டிய வேலை. அது வாட் என்ற அலகால் அளக்கப்படுகிறது. ஆளும் வண்டியுமாக 85 கிலோ எடை, நிமிர்ந்து உட்காரும் கறுப்பு நிற உயரமான சைக்கிள், ஓரளவு நல்ல தார்ச்சாலை என்று வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துக்கு 53 வாட்டும், 20 கிலோமீட்டருக்கு 96 வாட்டும், 25 கிலோமீட்டருக்கு 162 வாட்டும், 30 கிலோமீட்டருக்கு 255 வாட்டும் தேவைப்படுகின்றன. விளையாட்டுப் பயிற்சி இல்லாத, உடல்நலமுள்ள ஒருவர் நெடுநேரம் சோராமல் தரக்கூடியது 75 முதல் 100 வாட் வரைதான். எனவே 20 கிலோமீட்டருக்கு மேல் போக விரும்புபவர் ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டருக்கும் முன்னதைவிட அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 2022 அக்டோபரில் இத்தாலிய வீரர் பிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார் என்றால், அது கூரையிட்ட தடத்தில், உடலை மடக்கிக் காற்றுக்கு எதிரே முகப்பைக் குறுக்கிக்கொண்டு, மிகச் சிலருக்கே வாய்க்கும் கால்களால் செய்தது. கேரியரில் தங்கையை உட்கார வைத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கணக்கு வேறு.

கீழ் எல்லையைப் பற்றிப் பொதுவாக யாரும் யோசிப்பதில்லை. சைக்கிள் விழாமல் நிற்பது சக்கரங்கள் சுழலும்போது உண்டாகும் பம்பர விளைவால்தான் என்று நெடுங்காலம் பாடங்களில் சொல்லப்பட்டது. 2011இல் ஜிம் பாப்படோப்புலோஸ், ஆண்டி ரூயினா, ஆரெண்ட் ஷ்வாப் உள்ளிட்ட ஐவர் குழு, பம்பர விளைவை எதிர்ச்சுழல் சக்கரங்களால் நீக்கிவிட்ட பிறகும் தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு வினோத வண்டியைச் செய்து காட்டி, அந்த விளக்கம் முழுமையானதன்று என்று நிறுவியது. அடிப்படையில் நடப்பது இதுதான்: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கைப்பிடி திரும்புகிறது, சக்கரங்கள் சாய்வுக்கு அடியில் வந்து சேர்கின்றன, வண்டி மீண்டும் நிமிர்கிறது. இதே ஆய்வாளர்களில் சிலர் 2007இல் ஒரு மாதிரிச் சைக்கிளுக்குப் போட்ட கணக்கின்படி, ஓட்டுபவர் ஒன்றுமே செய்யாமல் வண்டி தானாக நிமிர்ந்து ஓடக்கூடிய வேகம் நொடிக்கு 4.3 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை, அதாவது மணிக்கு ஏறக்குறைய 15 முதல் 22 கிலோமீட்டர். அதற்குக் கீழே வந்தால் சமநிலை காக்கும் வேலை முழுவதும் ஓட்டுபவரின் கைக்கு வந்துவிடுகிறது. கைப்பிடி இடமும் வலமும் ஆட, வண்டி நெளிந்து நெளிந்து போகிறது. மெதுவாகப் போகும் சைக்கிளுக்கு அகலம் அதிகம் வேண்டும் என்ற விசித்திரமான முடிவு இதிலிருந்து பிறக்கிறது. பிரிட்டன் அரசின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டி ஒன்று, மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் செல்பவருக்கு நெளிவுக்கென்று 20 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டால் போதும் என்றும், 5 கிலோமீட்டரில் ஊர்பவருக்கு 80 சென்டிமீட்டர் விட வேண்டும் என்றும் குறித்தது. கிராமத்துத் திருவிழாக்களில் நடக்கும் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி ஏன் அத்தனை கடினம் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது.

இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே அகப்பட்ட வேகத்தை ஒரு முறை இழந்தால் திரும்பப் பெறுவதற்கு என்ன செலவாகிறது என்பதுதான் பாதையின் தரத்தை உரசிப் பார்க்க ஏற்ற கேள்வி. மணிக்கு 18 கிலோமீட்டரில் ஓடும் 85 கிலோ எடையில் தேங்கியிருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 1,060 ஜூல். பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் அவ்வளவும் ரிம்மிலும் கட்டையிலும் சூடாகப் போய்விடுகிறது. அதே வேகத்தில் தொடர்ந்து ஓடுவதற்கு ஒவ்வொரு மீட்டருக்கும் 15 ஜூல்தான் தேவை என்பதால், ஒரு நிறுத்தம் என்பது கால்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய 70 மீட்டர் தூரத்தைக் கூடுதலாக மிதித்ததற்குச் சமம். மோட்டார் சைக்கிள்காரருக்கு இந்த இழப்பு பெட்ரோலில் கரைந்துவிடுகிறது. அவர் அதை உணர்வதே இல்லை. சைக்கிள்காரர் சோற்றிலிருந்து கொடுக்கிறார். நேரக் கணக்கும் இப்படியே. 200 மீட்டருக்கு ஒரு முறை நின்று புறப்பட வேண்டியிருந்தால், மெல்ல மெல்லத்தான் வேகத்தை ஏற்ற முடியும் என்பதால் ஒவ்வொரு முறையும் சுமார் 12 நொடி கழிகிறது. 40 நொடியில் கடக்க வேண்டிய தூரத்துக்கு 52 நொடி ஆகி, காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்காமலேயே சராசரி வேகம் 14 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜோயல் ஃபாஜன்ஸ், மெலனி கரி என்பவருடன் சேர்ந்து 2001இல் இதே பொருளை எழுதினார். நிறுத்தப் பலகைகள் நிறைந்த அமைதியான தெருவை விட்டுவிட்டு, வண்டிகள் நெரியும் பெரிய சாலையையே சைக்கிள்காரர்கள் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம் இந்த ஜூல் கணக்குதான். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் நோரெப்ரோகாத என்ற சாலையில், மணிக்கு 20 கிலோமீட்டரில் வரும் சைக்கிள்களுக்கு அடுத்தடுத்து பச்சை விளக்கே கிடைக்கும்படி சிக்னல்களை அமைத்திருப்பது இக்கணக்கைப் புரிந்துகொண்டதன் அடையாளம்.

சைக்கிள் பாதைகளின் மீதான மனக்குறை புதியதன்று. லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூவில் பிரிட்டனின் முதல் சைக்கிள் தடத்தை அமைச்சர் ஹோர்-பெலிஷா 1934 டிசம்பரில் திறந்துவைத்தபோது, அதை முதலில் எதிர்த்தவர்கள் சைக்கிள் சங்கத்தாரே. இரண்டரை மைல் நீளமும் எட்டரை அடி அகலமும் கொண்ட அந்தத் தடம் மோட்டார் வண்டிகளின் வசதிக்காகத் தங்களை ஒதுக்கித் தள்ளும் ஏற்பாடு என்று அவர்கள் ஐயுற்றனர். இந்தியாவில் சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் பிறந்ததும் அதே 1934 டிசம்பரில்தான். அந்த அமைப்பு 1962இல் சைக்கிள் தடங்களுக்கென்று ஒரு நெறிமுறையை வெளியிட்டது. 2015இல் அது திருத்தப்பட்டது. 1962ஆம் ஆண்டு ஏட்டை இன்று படிப்பவருக்கு வியப்பே மிஞ்சும். தடத்தின் அகலம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஒருவரை ஒருவர் முந்திச் செல்ல இடம் வேண்டுமானால் 3 மீட்டர். வளைவின் ஆரம் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது. சரிவான இடத்தில் 15 மீட்டர். ஓட்டுபவரின் பார்வைக்குக் குறைந்தது 25 மீட்டர் தெளிவாகத் தெரிய வேண்டும். மணிக்கு 200க்கு மேல் மோட்டார் வண்டிகள் ஓடும் சாலையில் 100 சைக்கிள்கள் போனாலே தனித்தடம் நியாயமானது.

இவை ஏதோ அலுவலகத்தில் அடித்துவிட்ட எண்கள் அல்ல. மணிக்கு 20 கிலோமீட்டரில் வருபவர் ஆபத்தை உணர்ந்து பிரேக் பிடிப்பதற்குள் ஒன்றரை நொடியில் 8 மீட்டர் கடந்துவிடுகிறார். காய்ந்த ரிம்மில் அதற்குப் பின் 8 மீட்டருக்குள் நின்றுவிடலாம். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக்கின் பிடி பாதியாகக் குறைந்தாலும் நிற்கும் தூரம் இரட்டித்து மொத்தம் 24 மீட்டருக்கு அருகே வந்துவிடுகிறது. உண்மையில் பிடி பாதிக்கும் கீழே போவதுண்டு. வளைவையும் பார்க்கலாம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கிலோமீட்டரில் திரும்ப 17 பாகை சாய்ந்தால் போதும்; ஆரம் 5 மீட்டரானால் 32 பாகை சாய வேண்டும், அவ்வளவு சாய்வைச் சிறிது மணல் தூவிய தரை தாங்காது. சாலைச் சந்திப்பில் சட்டென்று நேர்கோணத்தில் மடக்கிவிடப்பட்ட தடங்களைப் பார்க்கும்போது, வரைந்தவர் கையில் அளவுகோல் இருந்ததே தவிர கடிகாரம் இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

எண்கள் தாளில் இருந்தும் தடங்கள் கெட்டது எப்படி என்பதற்கு டெல்லி நல்ல சான்று. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு 2008இல் திறக்கப்பட்ட விரைவுப் பேருந்துத் தடத்தோடு சைக்கிள்களுக்கும் தனித்தடம் போடப்பட்டது. சைக்கிள் ஏழைத் தொழிலாளியின் வண்டி என்பதை மனத்தில் கொண்டு வடிவமைத்தவர்கள் டெல்லி ஐஐடியின் போக்குவரத்து ஆய்வாளர்கள். அகலத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் சைக்கிளுக்கு வசதியான அகலம் மோட்டார் சைக்கிளுக்கும் வசதியாகவே இருந்தது. நெரிசல் நேரத்தில் இருசக்கர வாகனங்கள் தடத்துக்குள் புகுந்தன. அவற்றைத் தடுக்கக் கம்பம் நட்டால், இருபுறமும் மூட்டை தொங்கும் சைக்கிளும் உள்ளே நுழைய முடியாது. 2016இல் அந்தப் பேருந்துத் தடமே பிரித்தெடுக்கப்பட்டது. ஹைதராபாத்தில் 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் தடமோ இன்னொரு வகை: வெளிவட்டச் சாலையை ஒட்டி, நான்கரை மீட்டர் அகலத்தில், 16 மெகாவாட் மின்சாரம் தரும் சூரியத் தகடுகளைக் கூரையாக வேய்ந்து, தடங்கலே இல்லாமல் போடப்பட்டது. வேகத்தை மதிக்கும் தடம் என்ற வகையில் அதற்கு முழு மதிப்பெண் தரலாம். உடற்பயிற்சிக்கு வருபவர்களுக்கு அது சொர்க்கம். டிபன் கேரியரோடு வேலைக்குப் போகிறவருக்கோ புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் வேறெங்கோ இருக்கின்றன.

நடைபாதையின் மட்டத்திலேயே, பேவர் கல் பதித்து, பச்சை வண்ணம் அடித்துப் போடப்படும் பெரும்பாலான நகரத் தடங்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி ஏறும், மின்கம்பத்தைச் சுற்றும், கடைப் பலகையில் முட்டும், கடைசியில் ஒரு மின்மாற்றியின் முன்னால் முடியும்.

எம்.ரெட்டியபட்டியின் பக்கம் திரும்பினால் பச்சை வண்ணமும் இல்லை, பலகையும் இல்லை. சைக்கிள்கள் மட்டும் இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் சில ஆண்டுகளில் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்குப் பொதுவாக விரிந்தது. இத்தகைய திட்டத்தின் பயன் பீகாரில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 2006இல் அங்கே மாணவியருக்குச் சைக்கிள் கொடுக்கப்பட்டதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகவும், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே அந்த உயர்வு குவிந்திருந்ததாகவும் கண்டனர். ஊர்களுக்கிடையே வெட்டவெளி நீண்டு கிடக்கும் திருச்சுழிப் பக்கத்துக்கு இந்தத் தூரம் அன்றாடம். நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஆறு கிலோமீட்டரை 15 கிலோமீட்டர் வேகம் 24 நிமிடமாக்குகிறது. அரசு வண்டியைக் கொடுத்தது. அது ஓட வேண்டிய ஒரு மீட்டர் அகலத்தை யாரும் கொடுக்கவில்லை.

அந்த ஒரு மீட்டர் எங்கே இருக்கிறது என்றால், தாரின் விளிம்பில், மண்ணும் சாலையும் சந்திக்கும் இடத்தில். கரிசல் மண்ணின் குணம் தெரிந்தால் அதன் கதியும் புரியும். இம்மண்ணில் மிகுந்திருக்கும் ஒரு வகைக் களிக்கனிமம், மாண்ட்மோரில்லோனைட் என்பது, நீரைத் தன் அடுக்குகளுக்கிடையே உறிஞ்சிக்கொண்டு உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சாலையின் நடுப்பகுதிக்கு அடியில் உள்ள மண் தார் மூடியிருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருக்கிறது; விளிம்புக்கு அடியில் உள்ள மண்ணோ ஐப்பசி மழையில் நனைந்து உப்பி, சித்திரை வெயிலில் சுருங்கி, மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகிறது. எனவே விரிசல் விளிம்புக்கு இணையாக நீளவாக்கில் விழுகிறது, அதில் நீர் இறங்குகிறது, ஓரம் துண்டு துண்டாகப் பெயர்கிறது. சாலையில் முதலில் சாகும் பகுதி எதுவோ அதுவே சைக்கிளுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி.

ஓரத்து மண் அரித்துப்போய்த் தாருக்கும் தரைக்கும் நான்கைந்து விரற்கடை உயர வேறுபாடு விழுந்த இடத்தில் நடப்பதைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கிறது. சைக்கிள்காரர் மண்ணில் இறங்குகிறார், இறங்குவது எளிது. பேருந்து போனதும் மீண்டும் தாரில் ஏற, விளிம்பை ஒட்டியே ஓட்டியபடி கைப்பிடியை மெல்லத் திருப்புகிறார். முன்சக்கரத்தின் பக்கச்சுவர் தார் விளிம்பில் உரசுகிறது, ஏறவில்லை. சாய்ந்த பக்கம் திரும்பிச் சாய்வைச் சரிசெய்வதுதான் சைக்கிளின் சமநிலை என்று முன்பே கண்டோம். விளிம்பு சக்கரத்தைத் தண்டவாளம்போல் பிடித்துக்கொள்வதால் அந்தத் திருப்பம் மறுக்கப்படுகிறது. உடல் சாலையின் பக்கம் சாய்ந்துவிட்டது, சக்கரம் அதன் அடியில் வந்து சேர முடியவில்லை. ஆள் விழுவது தாரின் மேல், அடுத்த வண்டியின் முன்னால். விளிம்பை விட்டு நன்றாக விலகி, ஏறக்குறையக் குறுக்காகத் திருப்பி ஏறினால் விழமாட்டார், ஆனால் அப்படித் திருப்புவதற்கு இடமும் துணிவும் வேண்டும். விபத்துப் பதிவில் இது சைக்கிள்காரரின் கவனக்குறைவாகவே எழுதப்படக்கூடும்.

மண்ணில் ஓட்டுவதும் சும்மா இல்லை. தளர்ந்த மணலில் உருளல் தடை தாரில் உள்ளதைப்போல் மூன்று நான்கு மடங்கு ஆகிவிடுவதால், தாரில் 18 கிலோமீட்டர் தரும் அதே 76 வாட் உழைப்பு மணலில் 10 கிலோமீட்டரைத்தான் தருகிறது. அதாவது சைக்கிளைச் சமநிலையின் கீழ் எல்லைக்கும் கீழே தள்ளி, நெளிய வைக்கிறது. மழை பெய்து கரிசல் இளகிவிட்டாலோ ஓட்டும் பேச்சே இல்லை: மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுழலாமல் நின்றுவிடும், குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு வண்டியைத் தோளில் தூக்கிக்கொள்வதே வழி.

விளிம்புக்கு இன்னொரு சாபமும் உண்டு. சாலையில் விழும் கூர்மையான எதையும் மோட்டார் வண்டிகளின் டயர்கள் விசிறி விசிறி ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. நடுச்சாலை தானாகவே சுத்தமாகிறது, குப்பை அவ்வளவும் சைக்கிளின் தடத்தில் சேர்கிறது. இந்த வட்டாரத்தில் அந்தக் குப்பையில் முக்கியமானது சீமைக் கருவேல முள். கரிமூட்டத்துக்கும் விறகுக்குமாக வெட்டி ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து சிந்துவதும், ஓரத்தில் வளர்ந்த செடியைக் கழித்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போவதும் ட்யூபைத் துளைக்க, பஞ்சர் ஒட்டும் செலவும் காத்திருக்கும் நேரமும் பயணத்தின் ஒரு பகுதியாகிவிடுகின்றன. நகரங்களில் மோட்டார் வண்டி புகாதபடி தடுப்பு வைத்துப் போட்ட தடங்களுக்கும் இதே கதிதான். அங்கே முள்ளுக்குப் பதில் கண்ணாடித் துண்டு. டயர்கள் துடைக்காத பாதையை யாராவது துடைப்பத்தால் துடைக்க வேண்டும் என்பது திட்ட மதிப்பீட்டில் அரிதாகவே இடம்பெறுகிறது. அறுவடைக் காலத்தில் உளுந்துச் செடியையும் கம்பங்கதிரையும் தாரில் பரப்பி, போகிற வண்டிகளை ஏற்றி அடித்தெடுப்பது வேறு. களம் இல்லாத சம்சாரிக்கு அது இலவசக் கதிரடி இயந்திரம் என்பதால் அதைக் கடிந்துகொள்வது எளிதன்று. ஆனால் காய்ந்த செடியின் மேல் சைக்கிள் வழுக்கும், தட்டை சங்கிலியில் சுற்றிக்கொள்ளும்.

ஏற்றும் சுமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் தட்டுப்பாடு வரும் மாதங்களில் பின்னால் நான்கு பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு வரும் சைக்கிளின் எடை அறுபது கிலோ வரை கூடுகிறது, அகலம் கைப்பிடியைவிடப் பெரிதாகிறது, தளும்பும் நீர் சமநிலையைக் குலைக்கிறது. இரண்டு மீட்டர் அகலத்தில் இரண்டு சைக்கிள் போகலாம் என்ற நெறிமுறை இந்தச் சைக்கிளை எண்ணி எழுதப்பட்டதன்று. இதனோடு வேகத்தடையும் சேர்கிறது. பொதுச்சாலைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு மெல்ல எழும்பி இறங்கும் மேடுதான் நெறிமுறை. ஊராரே கூடிப் போட்டுவிடும் தடைகள் அதே உயரத்தை அரை மீட்டருக்குள் எழுப்பிவிடுகின்றன. குடம் கட்டியவர் அதில் ஏறாமல், தடைக்கும் சாக்கடைக்கும் இடையே விட்ட ஒரு சாண் சந்தில் நுழையப் பார்ப்பார்.

அருப்புக்கோட்டை வழியாக மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே ஓரம் நன்றாகவே இருக்கிறது. எதிர்த்திசையில் ஓட்டுவதுதான் சிக்கல். நடுத்தடுப்பில் திறப்பு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிர்ப்புறத்தில் உள்ள கடைக்கோ வயலுக்கோ சட்டப்படி போவதற்கு இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். 50 கிலோமீட்டரில் போகும் மோட்டார் சைக்கிளுக்கு அது இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சைக்கிளுக்கு எட்டு நிமிடம். சாலையை வரைந்தவர் இரண்டு வண்டிகளுக்கும் ஒரே தூரத்தைக் கொடுத்தார், ஆனால் மனிதர்கள் செலவழிப்பது நேரத்தை. எனவே சைக்கிள்காரர் எதிர்த்திசையில் வருகிறார், அவரது ஆபத்தும் கணக்காகவே கூடுகிறது. பின்னாலிருந்து 80 கிலோமீட்டரில் வரும் கார், 15 கிலோமீட்டரில் அதே திசையில் போகும் சைக்கிளை நெருங்கும் வேகம் 65. எதிர்த்து வரும் சைக்கிளை நெருங்கும் வேகம் 95. மோதலின் கடுமை வேக வேறுபாட்டின் வர்க்கத்தோடு வளர்வதாகக் கொண்டால், அது இரு மடங்குக்கும் மேல். நெதர்லாந்து இந்த வேறுபாட்டையே அடிப்படை விதியாக எடுத்துக்கொண்டது: மோட்டார் வண்டிகள் 30 கிலோமீட்டருக்குள் ஓடும் தெருவில் சைக்கிளுக்குத் தனித்தடம் வேண்டியதில்லை, எல்லாரும் கலந்தே போகலாம், அதற்கு மேல் ஓடும் சாலையில் பிரித்தே ஆக வேண்டும். அந்த விதிப்படி எம்.ரெட்டியபட்டியின் ஊருக்குள் ஒரு தடமும் தேவையில்லை, ஊரைத் தாண்டிய வெட்டவெளியில்தான் தேவை. அங்கே போடத்தக்கது பெரிய கட்டுமானமும் அன்று. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் இருவழிச் சாலைகளுக்குச் சொல்லும் வடிவங்களில் ஒன்று, 7 மீட்டர் ஓடுதளத்தின் இருபுறமும் ஒன்றரை மீட்டருக்குத் தார் போட்ட தோள்பட்டையை வைத்துக்கொள்கிறது. அது இருக்குமானால், ஈரம் ஏறி இறங்கும் விளிம்பு ஒன்றரை மீட்டர் தள்ளிப் போவதால், சாலையின் ஆயுளும் கூடும், சைக்கிளுக்கும் இடம் கிடைக்கும்.

கடைசியாகக் காற்று. மேடு பள்ளமில்லாத இந்தச் சமவெளியில் ஏற்றம் என்பது ஆடி மாதத்து மேற்குக் காற்றுதான். காற்றுத் தடையை நிர்ணயிப்பது தரையைப் பொறுத்த வேகமன்று, காற்றைப் பொறுத்த வேகம் என்பதால், மணிக்கு 15 கிலோமீட்டரில் எதிரே வீசும் காற்றில் 53 வாட் உழைப்பு 9 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகத்தையே தருகிறது; 24 நிமிடத்தில் முடிய வேண்டிய ஆறு கிலோமீட்டர் 41 நிமிடமாக நீள்கிறது. திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் 16 நிமிடத்தில் வந்துவிடலாம் என்றாலும், போக வரச் சேர்த்து 48 நிமிடம் ஆக வேண்டியது 57 நிமிடம் ஆகிறது. காற்று பறித்ததை முழுவதும் திருப்பித் தருவதில்லை. வெயிலின் கணக்கும் இதோடு பிணைந்தது. உடல் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குதான் மிதியில் சேர்கிறது, மற்ற மூன்று பங்கும் வெப்பமாகவே வெளிவருகிறது. 75 வாட் மிதிப்பவரின் உடல் 225 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வரை முகத்தில் படும் காற்று வியர்வையை உலர்த்தி அதை ஏற்றுக்கொள்கிறது, நின்றவுடன் அந்த உதவி அறுந்துவிடுகிறது.

பழைய சாலைகளின் இருமருங்கும் நின்ற புளிய மரங்கள் நிழல் தந்ததோடு காற்றையும் மறித்தன. சாலை அகலப்படுத்தும்போது முதலில் கோடரிக்கு இரையானவை அவையே. ஒரு மரவரிசை தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், வடக்குத் தெற்காக ஓடும் சாலையின் மேற்கு ஓரத்தில் ஒரே ஒரு வரிசை நட்டாலும் ஆடியின் பக்கக்காற்றையும் பள்ளி விடும் நேரத்துச் சாய்வெயிலையும் அது சேர்த்தே தடுக்கும். கிழக்கு மேற்காக ஓடும் சாலைகளுக்கு இந்த வசதி கிடையாது. எதிர்க்காற்று சாலையின் நீளத்துக்கு நேராகவே வருவதால், பள்ளி மேற்கே இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் ஆடியில் பதினேழு நிமிடம் முன்னதாகக் கிளம்பியாக வேண்டும்.